நட்சத்திரத்தின் பத்தாவது தாள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாசகரே. இது கதையாகப் பிறந்ததல்ல. எங்கள் பங்குக் கோவிலின் மாத இதழை நடத்தும் தியோடர் ஐயா போன மாதம் பூசை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "டென்சில், ஒரு கட்டுரை குடுப்பா. சிநேகிதங்க நாலு பேரு சேந்து வீட்லயே செய்ற கைவேலை. செலவு ஆவக்கூடாது. ரெண்டே பக்கம். கதை கிதை வேணாம்."

நல்ல பிள்ளையாக உட்கார்ந்து தலைப்பு எழுதினேன்: ‘கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்யும் முறை’. தேவையானவை: பழைய காய்கறிக் கூடையிலிருந்து பிரித்த மூங்கில் சிம்பு. சிவப்புக் காற்றாடிக் காகிதம். மைதா மாவு ஒரு பிடி. மயில்துத்தம் ஒரு சிட்டிகை (பசையில் இதைப் போடாவிட்டால் நட்சத்திரத்தைக் கரப்பான் பூச்சி தின்றுவிடும்). சணல் நூல். மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று. வேண்டாத பழைய தாள் ஒன்பது. இல்லை, பத்து.

‘வேண்டாத’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தத் தாள்கள் வேண்டாதவை அல்ல. அதைச் சொல்லப் போனால் கதையாகிவிடும். ஆகிவிட்டது.

2.

முதல் தொடக்கம்: ‘1936ஆம் வருடம் டிசம்பர் மாதம், ஆஸ்டின் டவுன் மூன்றாவது வரிசை வீடுகளை நோக்கி ஓஸ்வால்ட் என்ற ஆறடி உயர வாலிபன் கம்பீரமாக’

இதை அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரன் தேசிகன் படித்துவிட்டான். தேசிகன் ஐயங்கார். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட என்னைவிட அவனுக்குத்தான் ஆசை. நவராத்திரி வந்தால் தன் வீட்டுக் கொலுவுக்கு அட்டையிலேயே ரயிலும் பாலமும் செய்து நிறுத்துபவன்.

"யாருடா இந்த ஓஸ்வால்டு? பசைச் சட்டியைக் கவுத்தது நீ. ஏணியைக் கண்டாலே நடுங்கறது நீ. ஆறடி ஆள் எங்கேர்ந்து வந்தான்?"

"கதைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான்."

"அப்போ எனக்கும் கொஞ்சம் தலைமுடி வெச்சு எழுது."

ஓஸ்வால்டை அனுப்பிவிட்டேன். அவன் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன்: ஐந்தடி நாலங்குலம், மூக்குக் கண்ணாடி, விரல் நுனியில் எப்போதும் மை.

3.

இரண்டாவது தொடக்கம். இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ரெமிஜியஸ் ஐயா வீட்டு முற்றத்தில் நாங்கள் கூடுவோம். அவர் பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் தையல்காரர். பிரிஜெட் அவருடைய மகள், மிஷன் பள்ளியில் ஆசிரியை. பக்கத்து வீட்டு நோரா, பிரிஜெட்டின் தோழி. அப்புறம் நானும் தேசிகனும். தீப்பெட்டிகளை ஒட்டி ஊசி நூல் வைக்கும் குட்டி அலமாரி, சிகரெட் டின்னில் விளக்கு, துணிக் கிழிசலில் கால்மிதி என்று அந்த வருடம் நாங்கள் செய்யாத சாமான் இல்லை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வயல் வேண்டும் என்று பழைய தாம்பாளத்தில் ராகி விதைத்து முளைக்கவிட்டோம். அது முளைத்தபோது ஐந்து பெரியவர்கள் அதைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து கைதட்டினோம் என்பதை எழுத எனக்கு வெட்கமில்லை.

நட்சத்திர வேலையில் ஆளுக்கொரு பொறுப்பு. ரெமிஜியஸ் ஐயா சிம்பு கட்டுவார், நோரா பசை காய்ச்சுவாள், நான் சிவப்புக் காகிதம் வெட்டுவேன், பிரிஜெட் ஒட்டுவார். பழைய தாள் கொண்டுவருவது தேசிகன்.

"நோரா, பசையா இது? நேத்து வச்ச கஞ்சியா?" என்பார் ரெமிஜியஸ் ஐயா.

"குடிச்சுப் பாருங்க மாமா, வாய் ஒட்டிக்கினா பசை."

ஒரு நாள் பிரிஜெட் சிரித்த சிரிப்பில் அவர் மூக்கில் சிவப்புக் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் அது அங்கேயே இருந்தது. எல்லோரும் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை. நான் சொல்லாததற்குக் காரணம் வேறு.

4.

(இது கட்டுரைப் பகுதி. கதை வேண்டாதவர்கள் இதை மட்டும் படிக்கலாம்.)

நம் ஊர் டிசம்பர் பனிக்குக் காற்றாடிக் காகிதம் தாங்காது. இரண்டு நாளில் நமுத்துத் தொங்கிவிடும். அதனால் உள்ளே மெல்லிய தாள் ஒன்றைப் பின்னணியாக ஒட்டி, அதன்மேல் சிவப்பை ஒட்ட வேண்டும். அலுவலகத்தில் நகலெடுக்கும் மெல்லிய தாள் இதற்கு நல்ல தாள், வெளிச்சத்தை மறைக்காது. நட்சத்திரத்துக்கு முன்பக்கம் ஐந்து முனை, பின்பக்கம் ஐந்து முனை. ஆக, தாள் பத்து. பின்பக்கத்தில் ஒரு முனையை மட்டும் ஓரம் ஒட்டாமல் கதவு மாதிரி விட வேண்டும், மெழுகுவர்த்தி வைக்க. இதை மறந்து எல்லாப் பக்கமும் ஒட்டிவிட்டு, ‘இப்ப வெளக்கை எப்பிடி வெக்கிறது?’ என்று விழித்தவர்கள் எங்கள் பிளாக்பள்ளிப் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் உண்டு.

கட்டுரை முடிந்தது. இனி ஒப்புதல் வாக்குமூலம்.

நான் நகலெடுக்கும் குமாஸ்தா. அடுத்தவர் கடிதங்களைப் பிழையில்லாமல் எழுதுவேன். என் கடிதம் ஒன்றை மட்டும் மூன்று வாரமாக எழுத முடியவில்லை. தொடங்குவேன், நிறுத்துவேன், மேஜை இழுப்பறையில் திணிப்பேன். அலுவலகத்துக் கழிவுத் தாளும் அதே இழுப்பறையில்தான் கிடந்தது. தேசிகன் சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்குக் கொண்டுபோய்விட்டான்.*

* அவன் வாக்குமூலம்: "நான் படிக்கலைடா. முதல் வரி மட்டுந்தான். அதுவும் ஒவ்வொரு தாள்லயும் முதல் வரி மட்டுந்தானே இருந்தது!"

5.

பிரிஜெட்டை எப்படி எழுதுவது? எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

‘பிரிஜெட்டின் கண்கள்’ (வேண்டாம். எல்லோரும் கண்ணைத்தான் எழுதுகிறார்கள்.)

‘பிரிஜெட் அடக்கமான பெண்’ (பொய். நோராவோடு சேர்ந்து ரெமிஜியஸ் ஐயாவின் தொப்பிக்குக் காகித இறக்கை ஒட்டி, அவர் அதோடு கடைத்தெரு வரை போய்வந்ததை நானே பார்த்தேன்.)

‘பிரிஜெட் எதையும் படிக்காமல் ஒட்ட மாட்டார்.’ இது உண்மை. பழைய செய்தித்தாள் துண்டானாலும் தலைகீழாகப் பிடித்தாவது படித்துவிட்டுத்தான் பசை தடவுவார். "பாவம், யாரோ கஷ்டப்பட்டு எழுதனது" என்பார்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஏனென்று எட்டாவது பகுதியில் தெரியும்.

6.

டிசம்பர் இருபத்துநாலு, விளக்கு வைக்கும் நேரம். ரெமிஜியஸ் ஐயா வாசலில் ஏணி போட்டு நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு, கதவு வழியாகக் கையை விட்டு மெழுகுவர்த்தியை ஏற்றினார். தெருவே நின்று பார்த்தது. சிவப்பு வெளிச்சம் மெல்லப் பரவியது. அதற்குள்ளிருந்து, கறுப்பாக, வரி வரியாக, என் கையெழுத்து வெளியே வந்தது.

ஏணியில் நின்றபடியே ஐயா எழுத்துக் கூட்டி வாசித்தார். "‘தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’... இன்னாப்பா இது, சர்க்கார் நட்சத்திரமா?"

தெரு சிரித்தது. அடுத்த முனையை ஒரு பையன் படித்தான்: "‘சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் எனக்கு வாரம் தொடங்குகிறது.’" அதற்கு அடுத்தது: "‘நான் நன்றாகச் சமைப்பேன் என்று சொல்ல முடியாது. ஆனால்’." நாலாவது: "‘குறட்டை விடுவதில்லை. இதற்கு என் தாயார் சாட்சி.’" ஐந்தாவது முனையில் ‘உங்கள் சிரிப்பு’ என்று இரண்டே சொல், அதுவும் அடித்து.

"ஆனால் இன்னாவாம்? முட்சி சொல்லச் சொல்லுப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

நோரா மண்ணில் உட்கார்ந்தே சிரித்தாள். தேசிகன் தூணுக்குப் பின்னால் போனான். நான் முற்றத்தில், நட்சத்திரத்தின் பின்பக்கம் நின்றிருந்தேன். அங்கே இன்னும் நாலு தாள் வெளிச்சத்தில் தெரிந்தன. அந்த நாலிலும் பிரிஜெட்டின் பெயர் இருந்தது. பிரிஜெட் ஜன்னலருகே நின்று நேராக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிவிட்டேன். கையிலிருந்த கத்தரிக்கோலைக்கூட அந்த வீட்டிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

7.

இப்போது பிப்ரவரி, தவக்காலம். இரண்டு மாதமாக நான் ஆஸ்டின் டவுன் பக்கம் போகவில்லை. பூசைக்குக்கூட விடிகாலையிலேயே போய் வந்துவிடுகிறேன். ஜூன் மாதம் பிரிஜெட்டுக்குக் கோலார் தங்கவயல் பள்ளியில் வேலையாம். ஒப்புக்கொள்வதா என்று ஈஸ்டருக்குள் சொல்ல வேண்டுமாம். தேசிகன் சொன்னான். அதனால் கதையை நான் சீக்கிரம் முடித்தாக வேண்டும். கைவசம் உள்ள முடிவுகள்:

முதல் முடிவு: கதாநாயகன் கப்பலேறி ரங்கூன் போகிறான். (அல்சூர் ஏரிப் படகிலேயே எனக்கு வாந்தி வரும்.)

இரண்டாம் முடிவு: காற்றடித்து நட்சத்திரம் தீப்பிடித்து எரிகிறது, யாரும் எதையும் படிக்கவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்துப்போய் இரண்டு நாள் நானே நம்பினேன்.

மூன்றாம் முடிவு: அவருக்குக் கோபம். அவமானம். இனி முகத்தில் விழிக்க மாட்டார். இரண்டு மாதமாக நான் குடியிருப்பது இந்த முடிவில்தான்.

8.

கட்டுரைக்குப் படம் வேண்டும் என்று தியோடர் ஐயா கேட்டிருந்தார். நேற்று படம் போட உட்கார்ந்தேன். முன்பக்கம் ஒரு நட்சத்திரம், பின்பக்கம் ஒரு நட்சத்திரம் வரைந்து முனைகளுக்கு எண் போட்டேன். விளையாட்டாக, எந்த முனையில் எந்த வரி இருந்தது என்று எழுதிப் பார்த்தேன்.

தெருவைப் பார்த்த ஐந்து முனையிலும் பிரிஜெட்டின் பெயர் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

வீட்டைப் பார்த்த முனைகள் வரிசையாக இப்படி இருந்தன: ‘மதிப்பிற்குரிய செல்வி பிரிஜெட் அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல், நிற்க.’ அடுத்து, ‘அன்புள்ள பிரிஜெட், இதைப் படித்ததும் கிழித்துவிடவும். வேண்டாம், கிழிக்க வேண்டாம்.’ அடுத்து, ‘பிரிஜெட், உங்கள் மூக்கில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்ததை நான் சொல்லாததற்குக் காரணம்’. அடுத்து, ‘பிரிஜெட்,’ என்று மட்டும்.

நான் எழுதிய வரிசை அதுதான். இழுப்பறையில் தாறுமாறாகக் கிடந்த தாள்கள் தாமாக வரிசையில் நிற்காது. எழுத்து எல்லாம் நேராக, படிக்கிற மாதிரி ஒட்டியிருந்தது. ஒட்டியவர் எதையும் படிக்காமல் ஒட்டாதவர்.

பத்தாவது, அந்தக் கதவு. அதில் மட்டும் எழுதாத வெள்ளைத் தாள். தேசிகன் கொண்டுபோன கட்டுக்குள் என் அலுவலகக் கிறுக்கல் தாள் இன்னும் எத்தனையோ மிச்சமிருந்தும், ஒரு வெள்ளைத் தாளைத் தேடி எடுத்து அங்கே ஒட்டியிருக்கிறார். நான் எழுதுவேன் என்று இடம் விட்டிருக்கிறார். நானோ ஓடிப்போனேன்!

தேசிகனை உலுக்கினேன். "டேய், என் கத்தரிக்கோலைக் கேட்டியா அங்கே?"

"ஜனவரியிலேயே கேட்டாச்சே. ‘குடுக்க மாட்டேன், அவரே வந்து வாங்கிக்கட்டும்’னா. ரொம்பக் கோபம்னு நெனச்சு உன்கிட்ட சொல்லலை."

அவனுக்குத் தலைமுடி வைத்து எழுதுவதாயில்லை.

9.

இன்று காலை தியோடர் ஐயா இதையெல்லாம் படித்தார். மூங்கில், மைதா, மயில்துத்தம், கதவு எல்லாவற்றையும் தனியே குறித்துக்கொண்டார். மற்றத் தாள்களை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இது பத்திரிகைக்கு இல்லப்பா. இதைப் படிக்க வேண்டியவங்க ஒருத்தருதான்."

ஆகவே, வாசகரே என்று இதுவரை நான் கூப்பிட்டது உங்களைத்தான், பிரிஜெட். உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சட்டிமேல் காகிதம் ஒட்டி உலக உருண்டை செய்கிறீர்களாம். தேசிகன் நாளைக்குக் கொண்டுவரும் பழைய தாள் கட்டில் இதையும் வைத்து அனுப்புகிறேன். இந்த முறை தெரிந்தே அனுப்புகிறேன். ஒட்டுவதற்கு முன் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வரிசைப்படுத்தும் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு தாளிலும் எண் போட்டிருக்கிறேன்.

மூன்று வாரத்தில் முடியாதது இதோ, முற்றுப்புள்ளியோடு: பிரிஜெட், எனக்கு உங்களை மிகவும் பிடிக்கும், ஆயுசு முழுக்க நான் காகிதம் வெட்டி, நீங்கள் ஒட்டி, இருவரும் சேர்ந்திருக்க எனக்குச் சம்மதம். தங்கவயலிலும் சனிக்கிழமை உண்டு, ரயிலும் உண்டு. ஆகவே வேலையை எனக்காக விட வேண்டாம்.

முடிவை நான் எழுதப் போவதில்லை. அடுத்த தாளை வெறுமையாக வைக்கிறேன். ‘ஆனால் இன்னாவாம்?’ என்று கேட்ட தெருவுக்கும் அதிலேயே பதில் சொல்லிவிடலாம். அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு, நீங்கள் என்ன எழுதியிருந்தாலும், என் கத்தரிக்கோலை வாங்கிக்கொள்ள நானே வருகிறேன்.

10.