கூட மிதிப்பது யார்?

"அப்பா, அம்மாவோட கால் இத்தனூண்டு. கார் எவ்ளோ பெருசு. அது எப்படிப்பா நிக்குது? கூட வேற யாராவது மிதிக்கிறாங்களா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. வாகனப் பரிசோதகரான அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "பிரேக் இருக்குல்ல, நிக்கும்" என்று பதில் சொல்லி முடித்துவிட்டார். மூன்று வருடம் கழித்து அந்தக் கேள்வி திரும்பி வந்து தன் எதிரில் நிற்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். ஆனால் அலுவலகத்தில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. தகுதிச் சான்றிதழுக்கு வருபவர்கள் வண்டிச் சாவியை அவருடைய மேசைமேல் வைப்பார்கள். சாவி மட்டும் இருந்தால் எழுந்து முற்றத்துக்குப் போவார். விளக்கு முதல் டயர் வரை குடைந்து, ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புவார். சாவிக்கு அடியில் கவர் இருந்தால் நாற்காலி அசையாமலே கையெழுத்து விழும். 'நாற்காலி சார்' என்று கூட வேலை செய்பவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவரும் கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

போன வருடம் அவர் இருந்த காரை விற்றுவிட்டு வேறொரு பழைய கார் வாங்கினார். சான்றிதழைப் புரட்டினால் அவருடைய கையெழுத்தே இருந்தது. "நானே பாஸ் பண்ண வண்டி. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பாஸ் செய்தது அப்போது அவர் நினைவுக்கு வரவே இல்லை.

ஒரு மாலை, மனைவி வாசலில் காரை நிறுத்தியவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் மகள் புத்தகப்பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள்.

"பள்ளிக்கூட வாசல்ல ஒரு குழந்தை குறுக்க ஓடி வந்துச்சுங்க. பிரேக் கல்லு மாதிரி இருந்துச்சு. எழும்பி நின்னு மிதிச்சேன். ஒரு சாண் இருக்கும்போதுதான் நின்னுச்சு." அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். "ஒரே ஒரு சாண்."

காரை நகர்த்தவே பயந்து, அடுத்த தெருவில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அக்காவை வீட்டுக்கே வரச் சொன்னார்கள். அவளைக் கண்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. சாவிக்கு அடியில் ஒன்றும் வைக்க மாட்டேன் என்று நின்றவள் அவள். அவளுடைய வேன் மூன்று வாரம் அவருடைய அலுவலக முற்றத்தில் வெயில் காய்ந்தது. இன்று என்ன தலையில் கட்டப்போகிறாளோ?

அவள் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "ஏறி உக்காருங்க சார். உக்காந்தே பாக்குறது உங்களுக்குப் பழக்கம்தானே."

மனைவிக்கு அது புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. ஏறி உட்கார்ந்தார்.

"இன்ஜின் ஆஃப்ல இருக்கட்டும். அஞ்சாறு தடவ மிதிங்க. இறுகிடுச்சா? காலை எடுக்காதீங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ போகுதா?"

"இல்லையே."

"போகணும் சார்."

பானட்டைத் தூக்கினாள். ஓடும் இன்ஜினின் இரைச்சலுக்கு நடுவே 'ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய சீறல் கேட்டது. இன்ஜினிலிருந்து வட்டமான டப்பா ஒன்றுக்குப் போகும் ரப்பர் குழாயில் அவள் விரலை வைத்தாள். பழைய கறுப்பு டேப் உரிந்து தொங்கியது. உள்ளே வெடிப்பு.

"இந்த டப்பாவையே மாத்தணுமாம்மா?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"எதுக்கு? ஒரு முழக் குழாய் போதும்." மகளைப் பக்கத்தில் அழைத்தாள். "கண்ணு, இன்ஜின் மூச்சை உறிஞ்சும். அந்தப் பலம் இந்தக் குழாய் வழியா டப்பாவுக்கு வந்து, அம்மா காலோட சேர்ந்து மிதிக்கும். குழாய் வெடிச்சா மூச்சு வீணாப் போயிடும். அப்புறம் அம்மா கால் மட்டும் தனியாத்தான் மிதிக்கணும்."

இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, தன் பையிலிருந்த புதுக் குழாயைச் செருகி, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். அவர் மறுபடி மிதித்து, காலை அழுத்தியபடியே சாவியைத் திருப்பினார். இன்ஜின் உயிர் பெற்றது. காலுக்கு அடியில் பெடல் மெல்ல இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதம் அவர் பாதத்தோடு சேர்ந்துகொண்டது போலிருந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருடம் வண்டிகளோடு இருந்தவர். இப்படி மனம் வைத்து ஒருமுறையாவது மிதித்துப் பார்த்திருக்கிறாரா? வெறும் மூச்சுக்கு இத்தனை பலம் வைத்தவனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் அப்பவே கேட்டேன்ல, கூட யாரோ மிதிக்கிறாங்கன்னு" என்றாள் மகள்.

மெக்கானிக் அக்கா அந்த டேப்பைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. "இது பழைய டேப் சார். போன பரிசோதனையில பானட்டைத் தூக்கியிருந்தாலே தெரிஞ்சிருக்கும். மிதிக்கிறவங்களுக்குக் குழாயும் தெரியாது, உங்களையும் தெரியாது. நம்பி மிதிக்கிறாங்க. பார்த்துட்டுப் போட்ட கையெழுத்து அவங்க காலோட சேர்ந்து மிதிக்கும். பார்க்காம போட்டது அவங்களைத் தனியா விட்டுடும்."

அவர் அந்த டேப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உங்க வேனுக்கு நான் செஞ்சது தப்பும்மா" என்று மட்டும் சொன்னார்.

"எனக்கு மூணு வாரம்தான் சார் போச்சு" என்று சொல்லி அவள் ஸ்பேனரைத் துடைத்தாள்.

மறுநாள் அவர் அந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி கையெழுத்திட்டவை நாற்பத்தொரு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் மறு பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் போனது. முதலில் வந்தது ஒரு பள்ளி வேன். அதன் ஓட்டுநர் வழக்கம்போல, சாவிக்கு அடியில் கவரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

மதிய இடைவேளை. முற்றத்தில் ஈ காக்கை இல்லை. அவர் வேனில் ஏறி, கவரைப் பிரிக்காமலே, இருக்கையில் கிடந்த ஓட்டுநரின் பைக்குள் செருகினார். பானட்டைத் தூக்கிக் குழாயை முனை முதல் முனை வரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இருக்கையில் உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமலே அஞ்சாறு தடவை மிதித்தார். காலை அழுத்தியபடி சாவியைத் திருப்பினார்.

பெடல் மெல்ல இறங்கியது.

பின்னால் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். அந்தக் குட்டி இருக்கைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.