சந்தூக்கைத் தூக்கும் முன்

"முகத்தை மூடாதீங்க ஹஸ்ரத். அண்ணி ஒரு வார்த்தை சொல்லணும்."

அப்பாவின் தம்பி முனவ்வர் சாச்சா கையை உயர்த்தியதும், சவத்துக்குச் சுற்றிய கஃபன் துணியை முடிச்சுப் போடக் குனிந்த மௌலவி நிமிர்ந்தார். முற்றத்துப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள்.

காலையில் அப்பா கண்ணை மூடியதிலிருந்து மகள் ரக்‌ஷந்தா பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அப்பாவை நினைத்து முழுதாக அழக்கூட அது விடவில்லை.

லாகூரில் எந்தத் தெருவிலும் நடக்கிற வழக்கம்தான். சவம் சுமக்கும் சந்தூக்கைத் தூக்கும் முன், கல்யாணத்தில் புருஷன் தருவதாக ஒப்புக்கொண்ட மஹரைப் பெண்டாட்டி மன்னிக்க வேண்டும். இல்லாவிட்டால் இறந்தவர் கடனோடு குழிக்குள் போவார் என்பார்கள். மற்றவர்களுக்கு மஹர் என்பது நிக்காஹ் காகிதத்தில் ஏதோ ஒரு தொகை. அவள் அம்மா சகீனாவுக்கு, அவளுடைய அம்மிக்கு, அது இந்த வீடு. அவள் மன்னித்துவிட்டால் வீடு அப்பாவின் சொத்தாகிவிடும். மகன் இல்லாத அண்ணனின் சொத்தில் தம்பிக்கும் பங்கு உண்டு. சாச்சா அதை மறக்கிற ஆளா? அண்ணன் இருமிக்கொண்டு கீழே படுத்திருக்கும்போதே மாடியைக் காட்டத் தரகரைக் கூட்டி வந்த புண்ணியவான்.

அதைவிடப் பெரிய பயம் அந்தப் பாழாய்ப்போன டிவி நாடகம். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு ஒரு ஹவேலி மாளிகைக் குடும்பம் சொத்துக்காக அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கல்யாண வீட்டில்கூட யாரும் சோறு போட மாட்டார்கள். போட்டாலும் சாப்பிட ஆள் இருக்காது. சமீபத்தில் அதில் வரும் பெரிய பேகம், புருஷனின் சந்தூக்கின் முன்னால் நின்று மஹரை மன்னித்தாள். ஊரே அழுதது. இதே கூடத்தில் உட்கார்ந்து பார்த்த சாச்சா தொடையைத் தட்டி, "பொம்பளைன்னா இவ!" என்றார். அம்மி துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு தேம்பினாள். அம்மி யாரிடமும் இல்லை என்று சொல்லி ரக்‌ஷந்தா கேட்டதில்லை. காய்கறிக்காரன் அழுகல் தக்காளியைத் தலையில் கட்டினாலும் வாங்கிக்கொண்டு வருகிறவள் அவள்.

"அண்ணி, அண்ணன் காத்துக்கிட்டு இருக்காரு," என்றார் சாச்சா. குரல் தேனாக இருந்தது.

பக்கத்து வீட்டு குல்ஷன் அம்மியின் தோளைத் தொட்டாள். "சொல்லிடு சகீனா. பெரிய பேகம் எவ்வளவு அழகாச் சொன்னா!"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் ரக்‌ஷந்தா.

"உனக்கென்ன தெரியும்?" சாச்சா அவள் பக்கம் திரும்பினார். "உங்கப்பனைக் கடன்காரனா அனுப்பச் சொல்றியா?"

அம்மி எழுந்தாள். ரக்‌ஷந்தாவின் மணிக்கட்டை அவள் பிடித்த பிடி வலித்தது.

"அந்த பேகம் சொன்னப்ப நானும்தான் அழுதேன் முனவ்வர். போன வாரம் அவ வீட்டுலயே அவளைச் சாமான் அறையில படுக்க வச்சாங்க. அதுக்கு இந்தத் தெருவுல ஒருத்தர் அழல. நீங்க பாதியிலயே எழுந்து போயிட்டீங்க."

"இது நாடகம் இல்ல அண்ணி. மவுத்து வீடு."

"ஆமா. அதான் பொய் சொல்லக் கூடாது." அம்மி மௌலவியிடம் திரும்பினாள். "ஹஸ்ரத், அவரு எனக்குக் கடன்காரர் இல்ல. இந்த வீட்டுச் சாவியை, உன் மஹர்னு சொல்லி என் கையில கொடுத்தாரு. நான் வாங்கிக்கிட்டேன். வாங்கினதை எப்படி மன்னிக்கிறது?"

மௌலவி தாடியைத் தடவினார். "கொடுத்தாச்சுன்னா கடன் ஏதும்மா? பாரமில்லாமப் போறாரு. தூக்குங்கப்பா."

சாச்சா சுற்றிலும் பார்த்தார். தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா முகத்தின் மேல் துணி விழுந்தது. சாச்சா குனிந்து சந்தூக்கின் முன்பக்கக் காலுக்குத் தோள் கொடுத்தார். கலிமா சொல்லிக்கொண்டு ஆண்கள் வெளியேறினார்கள்.

வீடு போகவில்லை என்று ரக்‌ஷந்தாவுக்கு மூச்சு வந்தது. அப்பா போகிற நேரத்தில் நிம்மதி வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அம்மியின் பிடி தளர்ந்தது. அப்பா நோயில் கிடந்த வெறும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மூடுறப்ப அப்பா முகம் எப்படிடி இருந்துச்சு?"

"நீங்க பார்க்கலையா அம்மி?"

"எங்க பார்த்தேன்? உங்க சாச்சா முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னுட்டேன்."

ரக்‌ஷந்தா யோசித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அம்மியின் உதடுகளை.

"தூங்குற மாதிரி இருந்துச்சு," என்றாள்.

அம்மி தலையாட்டினாள். தெருத் திருப்பத்தில் குரல்கள் தேய்ந்தன. இருவரும் திறந்து கிடந்த வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள்.