சூடு நூறு

அந்த ஒலியின் விலை, நாக்கு நனையாத அளவு டீ. கணக்கு சரிதான். பாட்டுக்கு அடியில் உறுமும் நூறு பேஸ் ஒலிகள் கொண்ட ‘சூடு நூறு’ என்ற தொகுப்பு இணையத்தில் மூன்று டீ விலைக்குப் போகிறது. அதில் ஒன்றுக்கு விழும் பங்கைக் கோப்பையில் ஊற்றினால் அடிக்கறைகூட மறையாது.

அதைச் செய்தவனுக்குத் தொழில் வட்டாரத்தில் உறுமல் என்று பெயர். சின்தசைசரிலிருந்து அடிக்குரலைக் கறப்பதில் மன்னன். அதைக் காசாக்குவதில் பச்சைப்பிள்ளை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆண்டவன் மச்சினனைக் கொடுத்தான் போலும். மனைவியின் தம்பி. உறுமலின் கணினியைக் கடன் வாங்கியவன், திருப்பித் தரும்போது உள்ளே இருந்ததை விற்றுவிட்டுத் தந்தான்.

“சும்மா கிடந்துச்சு மாமா. வயசுப் பொண்ணை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு என்ன பண்ணுறது? கட்டிக் குடுத்துட்டேன்.”

“எத்தனை பேருக்குடா கட்டிக் குடுத்தே?”

“நாப்பதாயிரத்தைத் தாண்டிருச்சு மாமா!” என்றான் அவன், வெட்கமே இல்லாமல்.

ஒலி என்னவோ லேசில் பிறந்ததல்ல. இரண்டு அலைகள். இரண்டும் ஒரே சுருதியில் நின்றால் ஒலி கல்லாய்க் கிடக்கும். ஒன்றை ஒரு மயிரிழை தள்ளி வைத்தால்தான் உயிர் வரும். புருஷன் பெண்டாட்டி மாதிரி, கொஞ்சம் மனஸ்தாபம் இருந்தால்தான் வீட்டில் கதகதப்பு. தள்ளல் கூடினால் வீடு இரண்டாகும். அப்புறம் ஃபில்டரைத் திருகி மேலே உள்ள கூச்சலைச் சீவி எறிய வேண்டும். அதோடு விடாமல், அந்த ஒலியைப் பழைய வால்வு ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டி வழியாகச் சற்றே மூச்சுத் திணறும்படி ஓட்டி, எதிரே மைக்கை வைத்துப் பதிந்தான். வால்வு சூடேறியதும் ஒலி, வெந்நீரில் நனைத்த கம்பளி போல இறங்கியது. அதற்குள் பொழுது நடுப்பகல் தாண்டிவிட்டிருந்தது.

இன்று அவன் உட்கார்ந்திருந்தது ஓர் இசையமைப்பாளரின் ஸ்டூடியோவில். ஒரு டிவி தொடரின் முகப்பு இசைக்கான வாய்ப்பு. கிடைத்தால் வாராவாரம் திரையில் அவன் பெயர் வரும். இத்தனை காலமாக அடுத்தவர் பாட்டுக்கு அடியில் படுத்துக்கிடந்தவன் முதல்முறையாக மேலே வருவான்.

அவன் போட்டுக் கொண்டுவந்த பாட்டை இசையமைப்பாளர் கொஞ்சம்தான் ஓடவிட்டார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது சூடு நூறுல இருக்கிற பேஸ். சோப்பு விளம்பரத்துலகூட இதான் உறுமுது. சொந்தமா ஒண்ணு கொண்டாங்க.”

“அது நான் செஞ்சதுங்க.”

“போன வாரம் வந்தவரும் அதையேதான் சொன்னாரு.”

உறுமலுக்குக் காது சிவந்தது. “ஒலி அடங்குற கடைசி இடத்தை ஏத்திக் கேளுங்க. என் வீட்டுக்காரி குரல் இருக்கு. நான் மைக்கை அணைக்கிறதுக்குள்ள பேசிட்டா.”

இசையமைப்பாளர் சிரித்தார். “‘சாப்பிட வாங்க, ஆறிப் போகுது.’ அதானே? நாப்பதாயிரம் பேரு பாட்டுல அந்தம்மா பந்திக்குக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நாங்க அந்த வாலை வெட்டிட்டுத்தான் போடுவோம்.”

உறுமல் கைப்பேசியை எடுத்தான். மனைவி ஆறு மாதமாகத் தம்பி வீட்டில். மணி அடித்து ஓயப்போகும் நேரத்தில் எடுத்தாள். அவன் ஒலிபெருக்கியில் போட்டான்.

“ஒரே ஒரு தடவை, ‘சாப்பிட வாங்க, ஆறிப் போகுது’ன்னு சொல்லேன்.”

“எதுக்கு?”

“வேலை விஷயம். இங்க ஒருத்தர் கேக்கணும்.”

“குடித்தனம் பண்ண காலமெல்லாம் சொன்னேன், காதுல விழல. இன்னிக்கு வேலைன்னதும் விழணுமா?”

“சொல்லும்மா.”

சொன்னாள். ரயில் தாமதமாக வரும் என்று அறிவிப்பது போலச் சொன்னாள்.

இசையமைப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். “வார்த்தை அதேதான். ஆனா அதுல ஒரு கதகதப்பு இருக்குண்ணே. இது வேற யாரோ.” கெட்ட மனுஷர் இல்லை, சற்று யோசித்தார். “சரி விடுங்க, ஒண்ணு கேக்கறேன். அவங்க கூப்பிட்டதும் ‘இதோ வரேன்’னு நீங்க ஏதாவது சொல்லியிருப்பீங்கல்ல? உங்க குரல் கேட்டாப் போதும். இப்பவே கையெழுத்துப் போடலாம்.”

வாலின் ஒலியை முழுக்க ஏற்றினார். ஆம்பின் இரைச்சல் அறையை நிறைத்தது. சாப்பிட வாங்க, ஆறிப் போகுது. பிறகு இரைச்சல். குமிழ் ஒன்றைத் திருகும் கிறீச். மறுபடி இரைச்சல். தட்டின் மேல் தட்டைக் கவிழ்த்து மூடும் ஓசை.

அவ்வளவுதான்.

கைப்பேசியில் அவள் இன்னும் இருந்தாள். “சார், நீங்க யாருன்னு தெரியல. ஆனா அதுல பதில் தேடாதீங்க. இருந்தா நான் ஏன் இங்க இருக்கேன்?”

இணைப்பு அறுந்தது.

உறுமல் தெருவுக்கு வந்தான். எதிரே டீக்கடை. ஒரு டீ சொன்னான். கடை வானொலியில் ஏதோ பாட்டு. அதன் அடியில் அவன் ஒலிதான், வால் வெட்டப்பட்டு, இளஞ்சூடாக. டீ ஆறும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தான். மச்சினனுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. நாற்பதாயிரம் பேர் காசு கொடுத்து வாங்கினார்கள், அவர்களோடும் வழக்கில்லை. முகப்பு இசை போயிற்று. கையில் இல்லாததை வரவில் எழுத முடியாது. மற்றதெல்லாம் நேர். ஒரே ஓர் ‘இதோ வரேன்’ மட்டும் அவன் பெயரில் பாக்கி நிற்கிறது, வட்டியோடு.