சிவப்பு விளக்குக்கு நின்ற விமானம்

மூன்று வருடத்துக்கு முன் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் பிரெஸ்டன் ரோடும் மெயின் ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற இடத்துக்கு நேர்மேலே, ஆயிரத்து நானூறு அடி உயரத்தில், நஞ்சுண்டனின் விமானம் சிவப்பு விளக்குக்கு நின்றது. ஒன்றரை நிமிடம் நின்றது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, இறக்கை ஆடவில்லை. கீழே பச்சை விழுந்ததும் நகர்ந்தது. நின்ற விமானம் விழுந்துவிடும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். விழவில்லை. சிக்னலில் நின்ற கார்க்காரர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்கவே இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நஞ்சுண்டன் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். டெக்சஸ் வந்து பதினேழு வருடம் டோல்வே என்கிற சுங்கச் சாலையில் ஊர்ந்து ஊர்ந்து அலுவலகம் போனவர். முன்னால் நிற்கிற காரின் பின்விளக்கைப் பார்த்தே தலை நரைத்துப்போனது. சாவதற்குள் இதற்கு மேலே ஒருமுறை போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை. வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. உதிரி உதிரியாகப் பெட்டியில் வருகிற இரண்டு ஸீட் விமானத்தை வாங்கிவந்து, கராஜில் ஒன்பது வருடம் ரிவெட் அடித்தார். விமானத்துக்கென்றே செய்த என்ஜினின் விலையைக் கேட்டு மூன்று நாள் கராஜ் பக்கமே போகவில்லை. நான்காம் நாள், மனைவி புஷ்பவல்லி பதினோரு வருடம் ஓட்டிய வேனின் என்ஜினைக் கழற்றினார். கார் என்ஜின் சுற்றுகிற வேகத்தில் விசிறி சுற்றினால் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் நடுவே பல்சக்கரம் வைத்து வேகத்தைப் பாதியாக்கினார். ரேடியேட்டரை விமானத்தின் வயிற்றுக்கு அடியில் தொங்கவிட்டார். செக் என்ஜின் விளக்கு வேனில் எரிந்தது போலவே இங்கேயும் எரிந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கோளாறு என்ஜினில் இல்லை, பூஜையில் இருந்தது. வேன் வாங்கிய புதிதில் புஷ்பவல்லி டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தப்பித்தவள். பயம் போகவில்லை. வாகன பூஜைக்கு வந்த ஜம்புநாத சாஸ்திரியிடம், வண்டி ஒருபோதும் ரோட்டை விட்டு விலகக் கூடாது, சிவப்பு விளக்கைத் தாண்டக் கூடாது என்று சங்கல்பத்தில் சேர்க்கச் சொன்னாள். சிக்னலுக்கு சமஸ்கிருதம் தெரியாத சாஸ்திரி, ரக்த தீபம் என்று சொல்லிச் சமாளித்தார். சந்தனத்தையும் குங்குமத்தையும் பானெட்டின்மேல் வைத்தால் கார் கழுவுகிற இடத்தில் போய்விடும் என்று, மூடியைத் திறந்து என்ஜின்மேலேயே வைக்கச் சொன்னதும் அவள்தான். எதையும் உறுதியாகச் செய்கிற பெண்பிள்ளை. சங்கல்பம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டது.

ஆக விமானம் பறந்தது, ஆனால் ரோட்டுக்கு மேலேயே பறந்தது. பள்ளிக்கூட வட்டாரத்தில் காலை நேரம் இருபது மைல் வேகத்தில் ஊர்ந்தது. மஞ்சள் பள்ளி பஸ் நின்று ஸ்டாப் பலகையை நீட்டினால் அதுவும் மேலே நின்றது. நஞ்சுண்டன் கைப்பிடியை எப்படித் திருகினாலும், யூ டர்ன் இருக்கிற இடத்தில்தான் திரும்பியது.

இதில் சிக்கல், விமான இலாகா இன்ஸ்பெக்டர். வீட்டில் கட்டிய விமானம் முதல் நாற்பது மணி நேரம் வீடு வாசல் இல்லாத வெளியில்தான் பறக்க வேண்டும் என்பது அவர் கொடுத்த காகிதம். இந்த விமானமோ கடைத்தெருவை விட்டு நகரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தன் கண்முன்னால் ரோடில்லாத புல்வெளிக்கு மேலே பறந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் ரத்து என்றார். ரத்தானால் ஒன்பது வருடமும் பழைய இரும்புக்குப் போகும்.

சாஸ்திரியைக் கூப்பிட்டார்கள். மகள் ரக்ஷா மாடிப்படியிலிருந்தே, "ஜஸ்ட் ரீசெட் இட், டாட்" என்றாள்.

"இது பாஸ்வேர்ட் இல்லடி கொழந்தே," என்றார் சாஸ்திரி. "யார் கேட்டாளோ அவாளே வந்து வேண்டாம்னு சொல்லணும்."

எல்லோரும் புஷ்பவல்லியைப் பார்த்தார்கள்.

"நான் சொல்ல மாட்டனுங்க சாமி. பதினோரு வருஷம் ஓட்டுனேன், போலீஸ்கிட்ட ஒரு டிக்கெட் வாங்குனதில்ல. எங்க போனாலும் வூட்டுக்குக் கொண்டாந்து வுட்ட வண்டிங்க அது. இப்ப இவரு அதுல மேல போறாரு, இப்பப் போயி அவுத்து வுடச் சொல்றீங்களா?"

"ஏம் புள்ள, அனுமாரு இலங்கைக்குப் போறப்ப சிக்னல் பாத்துட்டா போனாரு?" என்றார் நஞ்சுண்டன்.

"அவருக்கென்னங்க, பொண்டாட்டியா புள்ளையா? கேக்கறதுக்கு ஆளில்ல, போனாரு."

சாஸ்திரி காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே, தார் ரோடு முடிந்து மாடுகள் மேய்கிற இடத்தில் இன்ஸ்பெக்டர் பேனாவோடு நின்றார். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுப் புஷ்பவல்லி உட்கார்ந்தாள். விமானம் ரோட்டின் மேலே நேராக வந்தது, தார் முடிகிற இடத்தில் நின்றது. நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அப்போது விமானம் இடது பக்கம் திரும்பி, புல்வெளிக்கு மேலே போனது. முந்நூறு கஜம் போய் மூன்று விநாடி நின்றது. வலதில் திரும்பியது. மறுபடி நின்றது. கடைசியில் ஒரு மரத்தைச் சுற்றி வட்டமடித்து, வந்த வழியே திரும்பி வந்தது. கீழே புல்லும் மாடும் தவிர ஒன்றுமில்லை. அரசாங்கக் காகிதத்தில் எங்கெங்கே நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

மறு வருடம் அந்தப் புல்வெளியில் கம்பெனிக்காரன் மனை போட்டான். விமானம் திரும்பிய இடமெல்லாம் தெருவானது. மூன்று விநாடி நின்ற இடத்தில் ஸ்டாப் பலகை நட்டார்கள். மரத்தை வெட்டிவிட்டு அங்கே வட்டமாக முட்டுச்சந்து வைத்தார்கள். வரப்போகிற ரோடும் ரோடுதான் என்று என்ஜின் எடுத்துக்கொண்டுவிட்டது. நாற்பது மணி நேரமும் இப்படியே வயல்வெளியில் முடிந்தது. நஞ்சுண்டன் இப்போது அலுவலகத்துக்குப் பறந்துதான் போகிறார். காரில் போவதைவிடப் பத்து நிமிடம் அதிகம் ஆகிறது. மேலே முன்னால் யாரும் இல்லை, அது போதும் என்கிறார்.

சனி, ஞாயிறுகளில் மனை வாங்குகிற தமிழ்க் குடும்பங்கள் வயலோரம் காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து நிற்கின்றன. தூர மாநிலங்களில் இருக்கிற குபெர்டினோவிலிருந்தும் வெஸ்ட் வின்ட்சரிலிருந்தும் போன் வருகிறது: "அங்கிள், லெஃப்ட் எடுத்துச்சா, ரைட் எடுத்துச்சா?" புஷ்பவல்லிதான் பதில் சொல்கிறாள். போன அக்டோபரில் ஒரு நாள் விமானம் லூயிஸ்வில் ஏரிக்குப் போய், பாலம் கீலம் இல்லாத நடுத் தண்ணீருக்கு மேலே ஒரு நிமிடம் நின்று, வலது பக்கம் திரும்பியது. அந்த ஏரியில் படகு வைத்திருந்தவர்களில் நான்கு பேர் அந்த வாரமே படகை விற்றுவிட்டார்கள்.