தலைப்பாகையின் நீளம்

மழைக்காலம் ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய பருவத்தில், கண்டி மாநகரைச் சூழ்ந்த குன்றுகளை வைகறையில் நோக்குவோர்க்கு, நிலமகள் தன் பச்சை ஆடையின் மேல் வெண்துகில் ஒன்றை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் கண் விழியாது கிடப்பதாகவே தோன்றும். கீழே பேராதனைப் பாலத்தின் அடியில் ஓடும் மாவலி ஆறு மூடுபனிக்குள் மறைந்து, ஓசையால் மட்டுமே தன் இருப்பை அறிவித்துக்கொண்டிருக்கும். மேலே அந்தானை மலைச்சரிவில், யானைகள் உறங்கிய காட்டை வெட்டி எரித்து நட்ட காப்பிச் செடிகள் வரிசை வரிசையாய் நின்று, சிவந்த கனிகளின் பாரத்தால் தலை தாழ்ந்திருக்கும். கதிரவன் எழுந்து பனி விலகினால், சரிவெங்கும் பவளத்தைக் கொட்டி வைத்தாற்போல் இருக்கும். படிப்பவரே, காண்போர் கண்ணுக்கு அது அழகு. பறிப்போர் கைக்கோ அது பகல் முழுதும் ஒழியாத வேலை.

மலையின் இடுப்பில் ஒட்டியாணம் போலக் கிடந்த சமநிலத்தில் காப்பிக் களம் இருந்தது. ஆலையில் சதை நீக்கி, ஓடைநீரில் அலசிய வித்துகளை அங்கே பரப்பி, வெயில் படும்படி பலகையால் புரட்டி, கறுத்துப் போனவற்றைப் பொறுக்கி எறிவது கைக்குழந்தை உடைய பெண்களின் வேலை. அவர்கள் குழந்தையைக் களத்தின் ஓரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். குழந்தை நடக்கத் தொடங்கிய அன்றே அந்தச் சலுகை முடிந்துபோகும். தாய் பழம் பறிக்க மலையுச்சிக்குப் போகவேண்டும். பிள்ளை, கூலியாட்களின் வரிசை வீடாகிய லயத்து அறையில் தனித்துக் கிடக்கவேண்டும். “கைப்பிள்ளைக்காரி களத்துக்கு, கால்பிள்ளைக்காரி மலைக்கு” என்பது அத்தோட்டத்தில் எவரும் எழுதி வைக்காத, எவரும் மீற முடியாத விதி.

களத்தில் வேலை செய்தவர்களுள் சீரங்காயி என்பாள் அதிகம் பேசாதவள். கடல் கடந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த கூலியாட்களின் கூட்டத்தில் அவள் கணவன் வீரையாவும் இருந்தான். மாத்தளைக்கு இரண்டு நாள் வழி இருக்கும்போது காய்ச்சல் கண்டு, பாதை ஓரத்து மரத்தடியில் அடங்கிப் போனான். வயிற்றில் பிள்ளையோடு எஞ்சிய வழியை நடந்து முடித்தவளிடம் அவனுடையதாக மிஞ்சியது ஏழு முழத் தலைப்பாகைத் துணி ஒன்றே. சென்ற ஆண்டு காப்பிக்கனி சிவந்த நாளில் பிறந்த பெண்ணுக்குப் பவளாயி என்று பெயரிட்டாள். அந்தத் துணியையே விட்டத்தில் தூளியாகக் கட்டி மகளை உறங்க வைத்தாள்.

குழந்தை வளர்ந்தது. மூன்றாம் திங்களில் தலை நிமிர்த்திப் பார்த்தது. ஐந்தாம் திங்களில், கவிழ்ந்த ஓடம் நிமிர்வது போல ஒரு நாள் புரண்டு எழுந்து, தான் செய்ததைத் தானே நம்பாமல் விழித்தது. தவழத் தொடங்கியபோது முதலில் பின்னோக்கியே போயிற்று. எட்டிப் பிடிக்க விரும்பிய பொருள் விலகிச் செல்வதைக் கண்டு அது அழுதபோது சீரங்காயி நெடுநாளுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தாள். ஒன்பதாம் திங்களில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கூட்டி, களத்திலிருந்து ஒரு வித்தை நுள்ளி எடுத்தது. அது கறுத்த வித்தாக இருந்தது. தாயைப் போலவே அதைத் திருப்பிப் பார்த்துத் தூர எறிந்தது. அருகிலிருந்த பெண்கள் கைகொட்டினார்கள். சீரங்காயி சிரிக்கவில்லை. இந்தப் பிஞ்சு விரல் கற்ற முதல் தொழில் இதுதானா என்று அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று முறிந்தது.

அதற்குப் பின் ஒவ்வொரு தேர்ச்சியும் அவளுக்கு மகிழ்ச்சியாய் வந்து அச்சமாய் நின்றது. தூணைப் பிடித்துக் குழந்தை எழுந்து நின்ற அன்று, ஆலைக்கு நீர் கொண்டுசெல்லும் ஓடையே அவள் கண்முன் வந்தது. பக்கத்து அறை அழகம்மாவின் மகன், நடை பழகிய பத்தாம் நாள், தாய் மலையில் இருந்த வேளையில், அந்த ஓடையில்தான் மிதந்தான். தன் மகள் நடந்தால் தானும் மலைக்குப் போகவேண்டும். போனால் ஓடைக்கும் பிள்ளைக்கும் இடையே நிற்க ஒருவரும் இல்லை. ஆகவே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தூளியை அவிழ்த்தாள். அந்தத் துணியின் ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பிலும் மறு முனையைக் களத்து முளையிலும், வீட்டில் நடுத்தூணிலும், எழுந்து நிற்க இடங்கொடாத அளவுக்குக் குறுக்கிக் கட்டினாள். உலகில் தாய்மார் பிள்ளையை நடக்க வைக்கத் தவமிருப்பார்கள்; இவளோ மகள் நடவாதிருக்கத் தவமிருந்தாள்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் யாழ்ப்பாணத்தவர். தொப்பி அணிந்து, குடையை ஊன்றி, நாள்தோறும் களத்தைச் சுற்றி வருவார். ஒருநாள் குழந்தையின் முன் நின்று, “என்ன பிள்ளை, உன்ர மகள் கலியாணப் பந்தலுக்காவது நடந்து வருவாளோ?” என்றார்.

“சீக்குக் காலுங்க சாமி. கெடந்தே வளருது,” என்றாள் சீரங்காயி, தலை நிமிராமல்.

“ஓம், ஓம். சீக்குக் கால்தான். சீக்குக் காலில இவ்வளவு தசையைக் கண்டது இண்டைக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இவ்வாறு இரண்டு திங்கள் கழிந்தன. ஓய்வுநாள் ஒன்றில், குளிப்பாட்டிய பின், துணி ஈரமாகிவிட்டதால் கட்டாமலே மகளைத் தூணடியில் உட்கார வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நெடுநேரம் ஓசையே இல்லை. திரும்பிப் பார்த்தாள். குழந்தைக்குப் பிடித்த கொட்டாங்கச்சி இரண்டு முழத் தொலைவில் கிடந்தது. பவளாயி கை நீட்டினாள், எட்டவில்லை. தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள். அங்கே துணி இல்லை. ஆயினும், இருப்பதைப் போலவே, கையை மடக்கிக்கொண்டு தூணில் சாய்ந்து அமர்ந்துவிட்டாள். அழவும் இல்லை.

சீரங்காயி கொட்டாங்கச்சியை ஒரு சாண் அருகே நகர்த்தினாள். குழந்தை அதைப் பார்த்தது, தாயைப் பார்த்தது, அசையவில்லை. கண்ணுக்குப் புலப்படும் கட்டை அவிழ்த்துவிடலாம். நெஞ்சில் விழுந்த முடிச்சை அவிழ்க்க எந்த விரல் உதவும்? தாய் அப்படியே தரையில் அமர்ந்தாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது.

வாசலில் நின்று இதையெல்லாம் கண்ட அழகம்மா உள்ளே வந்தாள்.

“ஓடைக்குப் போயிருமேன்னுதான கட்டுன?”

“ஆமாக்கா.”

“போகாதுடி. இனி எங்கயுமே போகாது.” வழிந்த கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னாள்: “எம்மவன் பத்து நா ஓடுனான். கோழியத் தொரத்திக்கிட்டு, என்னயப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு ஓடுனான். அந்தப் பத்து நாளுந்தான்டி இன்னைக்கும் எனக்குச் சோறு எறங்க வைக்குது.”

மறுநாட் காலை, களத்தில் வித்துகள் பொன்மணல் போலப் பரந்து கிடந்தன. சீரங்காயி மகளை ஓரத்தில் உட்கார வைத்தாள்; முளையில் துணியைக் கட்டவில்லை. ஐந்தடி தள்ளி நின்று, பலகையைக் கீழே போட்டு, இரு கைகளையும் விரித்தாள். “வா தங்கம். ஆத்தாகிட்ட வா” என்றாள். குழந்தை இடுப்பைப் பார்த்தது. “ஒண்ணும் இல்ல. அவுத்துட்டேன். வா.” புரட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. எதிர்ப்புறத்தில் முத்துலிங்கத்தின் குடையும் நின்றது. அவர் நிற்பதைச் சீரங்காயி கண்டாள். கண்டும் கைகளைத் தாழ்த்தவில்லை.

தாயின் விரித்த கைகளையே பார்த்திருந்த பவளாயி, அருகிலிருந்த முளையைப் பற்றி எழுந்தாள். கால்கள் காற்றில் ஆடும் நாற்றைப் போல நடுங்கின. ஓரடி வைத்தாள், வித்துகள் பாதத்தின் கீழ் நழுவின, விழுந்தாள், கையூன்றி எழுந்தாள். பின்னும் ஓரடி, மற்றோரடி, அதன்பின் எண்ண இயலாத விரைவில் நான்கைந்து அடிகள் ஓடிவந்து, தாயின் முழங்காலில் முகம் மோதி நின்று, வெற்றி கொண்டவளாய்க் கூவினாள். அந்த மகிழ்ச்சியின் நடுவே, தன் கைகளாலேயே தன் வாயிலைத் திறந்து மகளை வெளியேற்றியவள் போலச் சீரங்காயி நின்றாள்.

முத்துலிங்கம் அருகே வந்தார். குடையை மடக்கினார். “நான் திரும்பி நிக்கிற நேரமாப் பாத்து நடக்க விட்டிருக்கலாமே, பிள்ளை,” என்றார் தாழ்ந்த குரலில்.

“அது நடக்கறத நாலு பேரு பாக்கட்டும் சாமி.”

அவர் குடையை மீண்டும் விரித்தார். தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரையின் விதி அவரையும் கட்டியிருந்த கயிறுதான். “நாளைக்கு மலைக்கு,” என்று மட்டும் கூறிப் போனார்.

மறுநாள் வைகறையில் சீரங்காயி அடுப்பை நீர் தெளித்து அணைத்தாள். தரையைச் சாணத்தால் மெழுகினாள். பின்பு தலைப்பாகைத் துணியை நடுவே கிழித்தாள். ஒரு பாதியை மகளின் இடுப்புக்கும் தூணுக்கும் இடையே கட்டினாள். எழுந்து நடக்கலாம், அடுப்பையும் வாசலையும் எட்டலாகாது, அவ்வளவு நீளம். மறு பாதியால் பழப்பையைத் தன் இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். கதவுக்கு அப்பால் எழுந்த அழுகை, மலையேறும் பாதையின் மூன்றாம் வளைவு வரையில் அவளைப் பின்தொடர்ந்தது.

பகலெல்லாம் பறித்தாள். உச்சியிலிருந்து பார்க்கையில் லயத்தின் கூரை உள்ளங்கை அளவே இருந்தது.

பொழுது சாயும் வேளையில் ஓடிவந்து கதவைத் திறந்தாள். குழந்தை தூணடியில், துணியைக் கையில் பிடித்தபடி உறங்கிக் கிடந்தது. சீரங்காயி விளக்கேற்றினாள். காலையில் ஈரமாயிருந்த தரை காய்ந்திருந்தது. அதன் மீது, தூணை நடுவாகக் கொண்டு வட்டம் வட்டமாகச் சின்னஞ்சிறு பாதங்கள் பதிந்திருந்தன. முதலில் தள்ளாடிக் கோணிய அடிகள், பிறகு நேரான அடிகள், பிறகு ஓடிய அடிகள். அவள் காணாத பகல் முழுவதையும் அந்தத் தரை எழுதி வைத்திருந்தது. வாசலை நோக்கித் துணி முடியும் எல்லையில் மட்டும் இரண்டு பாதங்கள், நெடுநேரம் நின்றனவாக, ஆழமாய்ப் பதிந்திருந்தன.

பெற்றவர்க்கு வாய்ப்பது பல வேளைகளில் இவ்வளவே: பிள்ளை நடந்ததைக் காண்பதன்று, நடந்து முடித்த சுவட்டைக் காண்பது; கட்டை அறுப்பதன்று, நாளுக்கு ஒரு விரற்கடை நீட்டித் தருவது. மறுநாட் காலையும் சீரங்காயி தரையை மெழுகினாள். வாசலை நோக்கி நின்ற அந்த இரண்டு பாதங்களை மட்டும் மெழுகாமல் விட்டுவிட்டு, பழப்பையை இடுப்பில் இறுக்கி, மலையை நோக்கி நடந்தாள்.