சாம்பிள் பாஸான கால்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜின் இடது கால், முழங்காலுக்குக் கீழே, 2022 ஆனி மாதம் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றது. உடம்பின் மற்ற பாகங்கள் இந்தியாவிலேயே இருந்தன. அன்று ஏலக்காய் கிலோ எண்ணூற்றைம்பதுக்குப் போனது. மலையில் சாரல், வரத்து குறைவு.

எந்த நாடு என்பதை அந்தக் குடும்பம் இன்றுவரை வெளியே சொல்வதில்லை. சொன்னால் போடி முழுவதும் வெள்ளைக்காரத் தாத்தாவைத் தேடக் கிளம்பிவிடும் என்பது பொன்னுராஜின் மனைவி சாராளின் எண்ணம். குளிரும் மழையும் உள்ள நாடு என்பது மட்டும் தெரியும். அவர்களுடைய ஒரே மகள் ஏஞ்சல் அங்கே நர்ஸாக இருக்கிறாள். அந்த வருடம் தையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேரனைப் பார்க்கப் பெற்றோர் விசா கேட்டார்கள், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. மகள் தினமும் குழந்தையைப் போனில் காட்டினாள். "கண்ணாடிக்குள்ள இருக்க பிள்ளைய எப்படிங்க தூக்குறது? மீன்தொட்டியப் பாக்குற மாதிரில்ல இருக்கு" என்றாள் சாராள். அதற்குப் பிறகு பொன்னுராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அவருக்குத் தன் பாட்டியின் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் அதே நாட்டுக்காரர். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் பார்க்க வந்து, ஒரு மழைக்காலம் முழுக்க மலையை விட்டு இறங்காமல் இருந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பிறகு ஒருநாள் இறங்கிப்போய்க் கப்பலேறியவர். அவர் விட்டுப்போனதில் மிஞ்சியது பொன்னுராஜின் இடது காலில் வளரும் செம்பட்டை முடி மட்டும்தான். வலது காலில் கறுப்பு. அந்த நாடு வம்சாவளியினருக்குக் குடியுரிமை தருகிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டார். ரத்த உறவுக்கு ஆதாரம் கேட்டார்கள். டெல்லிக்காரர் சரக்கு கேட்டால் போடியில் யாரும் மூட்டையை அனுப்புவதில்லை, முதலில் ஒரு கவரில் சாம்பிள்தான் போகும். ஆகவே பொன்னுராஜ் இடது காலின் நகங்களையும் ஒரு கொத்துச் செம்பட்டை முடியையும் ஏலக்காய் சாம்பிள் கவரில் போட்டு, மேலே 'இடது கால், முதல் ரகம்' என்று எழுதிக் கூரியரில் அனுப்பினார். சாம்பிள் பாஸானால் மூட்டை பாஸ் என்பது மார்க்கெட் வழக்கம். அந்த நாட்டுக்கு அந்த வழக்கம் தெரியாது. பரிசோதித்தார்கள், பரம்பரை சரிதான் என்றார்கள், வந்த சாம்பிள் எந்தக் காலுடையதோ அந்தக் காலுக்கு மட்டும் குடியுரிமை கொடுத்தார்கள்.

கால் உடனே மாறத் தொடங்கியது. ஆவணி வெயிலிலும் ஃபிரிட்ஜில் வைத்த தக்காளி போலச் சில்லென்று இருந்தது. செருப்பை உதறிவிட்டு பூட்ஸ் கேட்டது. நடக்கும்போது அந்த நாட்டு வழக்கப்படி ரோட்டின் வலது ஓரத்துக்கே இழுத்ததால் தேவாரம் போகும் பஸ் இரண்டு தடவை பிரேக் அடித்து நின்றது. ஏல மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் மாரிசெல்வம் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, கால் மேல கால் போடாதீக. எந்த நாட்டுக் கால் மேல, எந்த நாட்டுக் கால் கீழன்னு ரெண்டு கவர்மெண்டும் சண்டைக்கு வந்துரும்."

ஒரு கவர்மெண்ட் வந்தது. பாஸ்போர்ட் விவகாரம் பார்க்கும் அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்து, காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: "ஐயா, ஒரே ஆளுக்கு ரெண்டு குடியுரிமை நம்ம சட்டத்துல இல்ல. அந்த நாட்டுக் குடியுரிமை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா கால் உங்களுக்கு. இல்லைன்னா அது வெளிநாட்டுக் கால், இங்கன நிரந்தரமா இருக்க முடியாது."

 பொன்னுராஜ் பல நாள் நாற்காலியில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மலையேறி சரக்குப் பாக்கணுமே சாராள்" என்றார்.

"மாரிசெல்வம் பாத்துட்டு வந்து சொல்லட்டும். நம்ம வீட்டுல இருந்து ஒரு காலாச்சும் போய்ப் பிள்ளையப் பாக்கட்டுங்க."

புரட்டாசியில் ஒரு காலைப்பொழுது பூட்ஸைப் போட்டுக்கொண்டு கால் கிளம்பியது. வலியில்லை, ரத்தமில்லை, அந்தப் பக்கத்து வேட்டி மட்டும் தொங்கியது. போடிமெட்டு வழியாக மூணாறு போகும் ஜீப்பில் ஏறியதாக டிரைவர் விஜய்பாண்டி சொன்னார். முன்சீட்டில் அடக்கமாக வந்ததாம். அரை டிக்கெட்தான் போட்டாராம். அங்கிருந்து கொச்சிக்குப் போய் விமானம் ஏறியது. அடுத்த வாரம் ஏஞ்சல் கதவைத் திறந்தபோது வாசலில் நனைந்த பூட்ஸ் நின்றது. கழற்றிப் பார்த்தாள். செம்பட்டை முடியும், தராசுக்கல் விழுந்து நசுங்கிய பெருவிரலும் தெரிந்தன. உடனே போடிக்குப் போன் போட்டாள். "அப்பா, பத்திரமா வந்து சேந்துட்டீக" என்று சொல்லி அழுதாள்.

மறுநாள் அவள் குழந்தையைத் தூக்கி அந்தப் பாதத்தின்மேல் உட்காரவைத்தாள். போடியில் பொன்னுராஜ் அந்தக் கனம் தெரிந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் தூக்கியே மூட்டையின் எடையைச் சொல்லிவிடுபவர் அவர். "எட்டே முக்கா கிலோ" என்றார். அங்கே ஆஸ்பத்திரியில் எடை போட்டபோதும் அதேதான் வந்தது. அதிலிருந்து சாராள் தினமும் ஏலக்காய் விலைக்கு முன்னால் பேரனின் விலையைக் கேட்டாள். "இன்னிக்கு எம்புட்டுங்க?" எடை கொஞ்சம் குறைந்தாலும் மகளுக்குப் போனில் திட்டு விழுந்தது.

அடுத்த வருடம் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து சாராள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பொன்னுராஜ் கத்தினார்.

"சாராள்! பய எந்திரிச்சு நிக்கிறான். கால் முடியக் கொத்தாப் பிடிச்சிருக்கான். உசுரு போகுது."

"போகட்டும். ஆட்டாதீக!"

ஈரக்கையோடு ஓடிவந்து, கால் இருந்த, இப்போது எதுவும் இல்லாத அந்த இடத்தருகே தரையில் உட்கார்ந்தாள்.  தெருவில் ஒரு பால் வண்டி போனது.

"விட்டுட்டான்" என்றார் பொன்னுராஜ்.

"விழுந்துட்டானா?"

"இல்ல. கால்ல அவன் கனம் இல்ல. தரை அதிருது. தள்ளித் தள்ளிப் போகுது."

போன் அடித்தது. ஏஞ்சல் மூச்சிரைக்க ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "தெரியும் ஆத்தா, இப்பத்தான் நடந்தான்" என்று சொல்லிச் சாராள் போனை வைத்துவிட்டு, மீனை அப்படியே போட்டுவிட்டு மைசூர்பாகு வாங்கப் போனாள். சாயங்காலம் வந்த மாரிசெல்வம் இரண்டு துண்டு தின்றார், பிள்ளை எந்தப் பக்கம் நடந்தான் என்று விசாரித்தார். வலது ஓரமாக என்றார்கள். அங்கே அதுதான் முறை என்று தலையாட்டிவிட்டு, நாளைய வரத்து பற்றிப் பேச ஆரம்பித்தார்.