தாமரை வீட்டு நாற்காலிகள்

தாமரை வேலையைவிட்டு நீக்கியவர்களின் நாற்காலிகள் அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸில் அவளுடைய வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். முதலில் வந்தது கிள்ளான் கிளையில் கணக்கராக இருந்த கார்த்திகேசுவின் நாற்காலி. பச்சைத் துணி, உடைந்த இடது கை. தானாகவே லிப்டில் ஏறிப் பதினான்காவது மாடிக்கு வந்து, கால்மிதியில் இருமுறை சக்கரங்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனது. அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதினாறு வருடங்களில் அவள் மனிதவள இயக்குநரானாள். கூடத்தில் நடக்க வழியில்லாமல் போனது. "மேடம், இன்னிக்கு ஆறு வந்திருக்கு. ரெண்டு இன்னும் லிப்டுக்கு நிக்குது லா," என்பார் வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா வேலாயுதம், பார்சல் வந்ததைச் சொல்லும் குரலில்.

யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுப் போகும் தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு அவள் நாற்காலி வாடகைக்கு எடுத்ததேயில்லை. ஆனால் அவற்றில் உட்காரப் போனவர்கள், யாருடைய மடியிலோ உட்கார்ந்ததுபோல் வெடுக்கென்று எழுந்தார்கள். விருந்தினர் நின்றே சாப்பிட்டுப் போனார்கள். வருடத்துக்கு வருடம் குறைந்தார்கள். பண்டமாரானிலிருந்து வரும் அக்கா மலர் மட்டும் கூடத்து நடுவில் நாற்காலிகளை விலக்கித் தரையில் சம்மணமிட்டு வயிறாரச் சாப்பிடுவாள்.

மலரும் அதே கம்பெனிதான். ஷா ஆலம் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் முக்காலியில் உட்கார்ந்து பொருள் சோதித்தவள். போன வருடம் நாற்பது பேரை நீக்கும் பட்டியலில் அவள் பெயர் இல்லை. "சொந்தக்காரங்க மட்டும் சேஃப் லா," என்று கேன்டீனில் யாரோ சொல்லிச் சிரித்தது தாமரையின் காதில் விழுந்தது. அன்றே ஒரு பெயரை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினாள். அதை நேர்மை என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் செய்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"எல்லாருக்கும் ஒரே ரூல், அக்கா."

"அவங்க வாய அடைக்க என் சோத்துல கை வச்சிட்ட," என்றாள் மலர். "தீபாவளிக்கு என் முக்காலி இருக்கும்ல? அதுக்கே பலகாரம் வை. நான் வரல."

முக்காலி வந்து, மலர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே நின்றது.

இந்த மார்ச்சில் தாமரையையும் நீக்கினார்கள். அவளுடைய தோல் நாற்காலி, அவளை நீக்கிய கடிதத்தில் கையெழுத்திட்ட குகனைத் தேடிக் காஜாங்கில் அவன் வீட்டுக்குப் போய்விட்டது.

இந்தத் தீபாவளிக்கு யாரும் வரவில்லை. நாற்காலிகள் நிறைந்திருந்தன, தரையிலும் உட்கார இடமில்லை. தாமரை முக்காலியின் முன் ஒரு தட்டு முறுக்கு வைத்தாள். முக்காலி அரையடி தள்ளிப் போனது. அவள் தட்டையும் அரையடி நகர்த்தி வைத்துவிட்டு, நின்றுகொண்டே சாப்பிட்டாள்.